தேய்ந்த கியர்பாக்ஸ்: பிரித்துச் சரிசெய்வதா, வேறொன்றை மாட்டுவதா?

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய காரில் இரண்டாம் கியருக்கு இறக்கும்போது பல் உரசும் ஓசை கேட்கத் தொடங்கினாலோ, ஐந்தாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தாலோ, வண்டியின் சொந்தக்காரருக்கு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பிரித்துப் பேரிங்கும் சிங்க்ரோ ரிங்கும் (கியர் மாற்றும்போது வேகத்தைப் பொருத்தும் வளையம்) மாற்றினால் போதும் என்பார் ஒரு மெக்கானிக். அது வீண் வேலை, பிரித்து விற்கப்படும் வண்டியிலிருந்து ஒரு கியர்பாக்ஸை வாங்கி மாட்டிவிடலாம் என்பார் இன்னொருவர். வண்டியையே விற்றுவிடச் சொல்வார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு சூழ்நிலையில் சரியாக இருப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் பலர் மாதக்கணக்கில் அதே வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாதங்களில் பழுது பெரிதாகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போனாலும் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி ஏறத்தாழ ஒன்றுதான். பல வண்டிகளில் மொத்தச் செலவில் பெரும் பங்கு அதுவே. ஆகவே எந்தப் பெட்டி விலை குறைவு என்று பார்ப்பதைவிட, எந்த வழியில் போனால் இரண்டாம் முறை இறக்க வேண்டி வராது என்று பார்ப்பதே சரியான கணக்கு.

## முதலில், பழுது கியர்பாக்ஸில்தானா?

கியர்பாக்ஸ் போய்விட்டது என்று இறக்கப்படும் வண்டிகளில் சிலவற்றில் கியர்பாக்ஸ் நன்றாகவே இருக்கிறது. இறக்காமலேயே செய்யக்கூடிய சில சோதனைகள் உண்டு.

எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் இலகுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் எல்லா கியரும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை என்று பொருள். கிளட்சை முழுக்க மிதித்து நாலைந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. காத்திருந்த பின்னும் அது கரகரத்தால், உள்ளே ஷாஃப்ட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழுது கிளட்ச் கேபிளிலோ, ஹைட்ராலிக் சிலிண்டரிலோ, கிளட்ச் தட்டிலோ இருக்கலாம். எல்லா கியரும் சரியாக விழுந்து, ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு கியருக்கு மாற்றுகையில் மட்டும் உரசினால், அந்த கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது.

ஓசைக்கும் இதுபோன்ற அடையாளம் உண்டு. நியூட்ரலில் நிற்கும்போது உறுமல் கேட்டு, கிளட்சை மிதித்தவுடன் நின்றுவிட்டால், எஞ்சினின் சுழற்சியை வாங்கும் இன்புட் ஷாஃப்டின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மாறாக, மிதிக்கும்போதுதான் ஓசை எழுகிறது என்றால் அது கிளட்சைப் பிரிக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங். கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், ஆனால் பிரிக்கத் தேவையில்லை. எஞ்சின் முன்னாலும் இழுவை பின்னாலும் உள்ள பழைய வண்டிகளில் நேரடி கியரான நான்காம் கியரில் மட்டும் ஓசை அடங்கி மற்றவற்றில் கேட்டால், லே ஷாஃப்ட் (இணையாக ஓடும் துணைத் தண்டு) பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், ஏனெனில் நேரடி கியரில் சுமை லே ஷாஃப்ட் வழியாகப் போவதில்லை.

கியர் கழன்றுகொள்வதற்கு உடைந்த எஞ்சின் மவுண்ட்டும் காரணமாகலாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடும்போது எஞ்சின் ஆடி, லீவர் கம்பியை இழுத்துவிடும். லீவர் தளர்ந்து எங்கே எந்த கியர் என்று தெரியாமல் ஆடினால், முதலில் கம்பி இணைப்புகளின் புஷ்களைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஆயில். வடிகால் போல்ட்டின் முனையில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்கும் முன் பாருங்கள். கரிய மை போன்ற மெல்லிய பசை இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் செதில்களோ, பல்லின் துண்டு போன்ற முக்கோணச் சில்லோ இருந்தால் பேரிங் அல்லது கியர் சிதையத் தொடங்கிவிட்டது. ஆயிலில் மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் பித்தளைச் சிங்க்ரோ ரிங்கின் தூள். அது காந்தத்தில் ஒட்டாது. இந்த ஒரு கைக்குட்டைச் சோதனை, பல மணிநேர விவாதத்தைத் தவிர்த்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

வண்டியின் மற்ற உறுப்புகள் எப்படி இருக்கின்றன என்பது முதல் அளவுகோல். அடிச்சட்டம் துருப்பிடித்து, எஞ்சின் ஆயில் குடித்துக்கொண்டிருக்கும் வண்டிக்கும், உடல் உறுதியாக இருந்து கியர்பாக்ஸ் மட்டும் தேய்ந்த வண்டிக்கும் ஒரே விடை இருக்க முடியாது. இன்னும் எத்தனை ஆண்டு அதை வைத்திருக்க எண்ணுகிறீர்கள் என்பது இதோடு சேர்ந்தது.

அடுத்தது, சேதம் எந்த உறுப்பில் என்பது. பேரிங், சிங்க்ரோ ரிங், சீல் ஆகியவை தேய்வதற்கென்றே உள்ள உறுப்புகள். கியர், ஷாஃப்ட், கியர்பாக்ஸின் வெளிக்கூடு ஆகியவை அப்படியல்ல. பின்னவற்றில் சேதம் இருந்தால் கணக்கே மாறிவிடும். உதிரி பாகம் கிடைக்குமா, பிரித்துக் கோக்கும் கை கிடைக்குமா, வண்டி இல்லாமல் எத்தனை நாள் சமாளிக்க முடியும், உத்தரவாதம் எதற்கெல்லாம் பொருந்தும் என்பவை மீதி அளவுகோல்கள்.

ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்று வற்புறுத்துவேன்: வண்டியின் விற்பனை விலை. “வண்டியே இவ்வளவுதான் போகும், அதில் பாதியைக் கியர்பாக்ஸில் போடுவதா?” என்று கேட்பார்கள். அதே விலைக்கு வாங்கும் வேறொரு பழைய வண்டியின் கியர்பாக்ஸும், கிளட்சும், எஞ்சினும் எந்த நிலையில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒப்பிட வேண்டியது, இதே அளவு நம்பிக்கையோடு ஓட்டக்கூடிய வேறொரு வண்டியை வாங்க ஆகும் செலவோடுதான்.

## வழி 1: சொந்தக் கியர்பாக்ஸைப் பிரித்து ஓவர்ஹால் செய்வது

இந்த வழியின் பெரும் பலம், அந்தப் பெட்டியின் வரலாறு உங்களுக்குத் தெரியும் என்பது. எங்கே ஒழுகியது, எப்போது ஆயில் மாற்றப்பட்டது, எந்த கியர் எப்போதிலிருந்து உரசுகிறது என்பதெல்லாம் பிரிப்பவருக்குச் சொல்லக்கூடிய செய்திகள். பல் விகிதம், ஸ்பீடோமீட்டர் இணைப்பு, மவுண்ட் எதுவும் பொருந்துமா என்ற கவலை இல்லை.

பிரித்தவுடன் செய்ய வேண்டியது அளப்பது. சிங்க்ரோ ரிங்கை அதன் கியரின் கூம்பின் மீது வைத்துக் கையால் அழுத்தி, ரிங்கின் விளிம்புக்கும் கியரின் சிறு பற்களுக்கும் இடையே ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய அளவுத் தகடு) நுழைத்துச் சுற்றிலும் மூன்று நான்கு இடங்களில் பார்க்க வேண்டும். புதிய ரிங் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி காட்டும். பல சிறிய கார்களின் சர்வீஸ் கையேடுகள் அரை மில்லிமீட்டரை ஒட்டியே கடைசி எல்லையை வைக்கின்றன. உங்கள் வண்டிக்கு உரிய எண் அதன் கையேட்டில் இருக்கும். ரிங்கின் உட்புற நுண்வரிகள் மழுங்கியிருந்தால் அளவு சரியாக இருந்தாலும் மாற்ற வேண்டும்.

ரிங்கோடு நிறுத்திவிடக் கூடாது. கியரின் பக்கவாட்டிலுள்ள சிறு பற்களும் அவற்றின்மேல் நழுவி ஏறும் ஸ்லீவின் உட்பற்களும் முனை கூராக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை உருண்டு மழுங்கியிருந்தால், புது ரிங் போட்டும் கியர் கழன்றுகொள்ளும்; வேலை முடிந்து வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் அது தெரியும். ஓவர்ஹால் தோற்றதாகச் சொல்லப்படும் இடங்களில் அடிக்கடி இருப்பது இந்தக் காரணம்தான்.

உதிரி பாகங்களைப் பொறுத்தவரை மக்கள் அஞ்சும் அளவுக்கு நிலைமை மோசமில்லை. உற்பத்தியாளர் கைவிட்ட கியர்பாக்ஸிலும் பல பேரிங்குகள் பொது அளவுகளாகவே இருக்கும், எண் அவற்றின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைத்துவிடும். பேரிங் கடையில் நேராகவே கேட்டு வாங்கலாம். ஆனால் எண்ணைத் தொடர்ந்து வரும் சி3 போன்ற, உள் இடைவெளியைக் காட்டும் குறிகளையும், வெளிவளையத்தில் சர்க்கிளிப்புக்கான (பூட்டு வளையம்) பள்ளம் இருக்கிறதா என்பதையும் விடாமல் பார்த்து வாங்க வேண்டும். சிங்க்ரோ ரிங்குகளுக்கு இப்படிப்பட்ட பொது அளவு கிடையாது; ஆகவே வேலையைத் தொடங்கும் முன் தேட வேண்டியது அவற்றைத்தான்.

மறைந்த செலவு பிரித்த பிறகு வருகிறது. சீல்கள், சர்க்கிளிப்புகள், ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்), ஊசிப் பேரிங்குகள் என்று பட்டியல் நீளும். கூம்பு வடிவப் பேரிங் உள்ள பெட்டிகளில் முன்னழுத்தத்தை, அதாவது பேரிங் எவ்வளவு இறுக்கமாக அமர்கிறது என்பதை, அளந்து சரியான தடிமனுள்ள ஷிம் வைக்க வேண்டும். பழைய ஷிமையே வைத்து மூடிவிடுபவர் உங்கள் புதுப் பேரிங்கின் ஆயுளைக் குறைத்துவிடுகிறார். ஒரு பேரிங் மட்டும் ஓசையிடுகிறது என்று அதை மட்டும் மாற்றுவதும் அப்படித்தான்: அதிலிருந்து உதிர்ந்த துகள்கள் அதே ஆயிலில் சுழன்று மற்றவற்றுக்குள்ளும் போயிருக்கும். பிரித்தால் எல்லாப் பேரிங்கையும் மாற்றிவிட வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால் இந்த வழியில் இறங்காமல் இருப்பதே நல்லது.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பேரிங்கின் வெளிவளையம் அலுமினியக் கூட்டுக்குள் சுழன்று இருக்கையைத் தேய்த்திருந்தாலோ, ஷாஃப்டின் மேல் குழி விழுந்திருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட கியர் ஜோடி பல் பெயர்ந்திருந்தாலோ, பழுதுபார்ப்பதை அங்கேயே விட்டு அடுத்த வழிக்குப் போய்விடலாம். ஒரு கியர் போனால் அதோடு கோத்தோடும் இணைக் கியரையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதால் செலவு இரட்டிப்பாகும்.

## வழி 2: பிரித்த வண்டியிலிருந்து பழைய கியர்பாக்ஸ்

விலை குறைவு, வேலை ஓரிரு நாளில் முடியும். கூடு உடைந்த வண்டிக்கு இதைவிட விரைவான வழி இல்லை. ஆனாலும் தேய்ந்த சிங்க்ரோவுக்காக இந்த வழிக்குப் போக வேண்டாம் என்பேன், ஏனெனில் பெட்டியைப் பிரிக்காமல் சிங்க்ரோவை மேசை மேல் வைத்துச் சோதிக்க முடியாது. ஷாஃப்ட் வேகமாகச் சுழலும்போதுதான் அதன் குறை தெரியும். உங்கள் பெட்டி எத்தனை வயதோ ஏறக்குறைய அத்தனை வயதுள்ள இன்னொன்றை, அதே பழுது இருக்கிறதா என்று தெரியாமலே வாங்குகிறீர்கள்.

வாங்குவதானால் இவற்றைச் செய்யுங்கள். கூட்டில் பொறித்த அல்லது ஒட்டிய குறியீட்டை உங்கள் வண்டியின் குறியீட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே மாடலிலேயே எஞ்சினுக்கு ஏற்பப் பல் விகிதம் மாறியிருக்கும். குறியீடு அழிந்திருந்தால், ஒரு கியரில் போட்டு இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றி, வெளிப்புறம் ஒரு சுற்று வர எத்தனை சுற்று தேவைப்படுகிறது என்று எண்ணலாம். முன்சக்கர இழுவைப் பெட்டியில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் மறுபக்கம் இரட்டிப்பு வேகத்தில் சுற்றும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்புட் ஷாஃப்டின் வரிப்பற்கள் உங்கள் கிளட்ச் தட்டுக்குப் பொருந்துமா, ஸ்பீடோமீட்டர் கேபிளா சென்சாரா, ரிவர்ஸ் விளக்கின் இணைப்பு ஒன்றா, மவுண்ட் துளைகள் அதே இடத்திலா என்பவற்றைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

பிறகு கையால் மெல்லச் சுற்றுங்கள். ஷாஃப்டின் நுனி சற்றே பக்கவாட்டில் அசைவது பல பெட்டிகளில் இயல்பு. ஆனால் சுற்றும்போது மணல் நெறிவது போன்ற உணர்வு கையில் பட்டால் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. டிரைவ் ஷாஃப்ட் துளைகள் மூடப்படாமல் வெட்டவெளியில் கிடந்த பெட்டிக்குள் மழைநீர் போயிருக்கும்; அதை விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

உத்தரவாதத்தைப் படியுங்கள். பெரும்பாலும் அது பெட்டியை மாற்றித் தருவதோடு முடியும். இரண்டாம் முறை இறக்கி ஏற்றும் கூலி உங்களுடையது. இந்த ஒரு வரியைச் சேர்த்துக் கணக்கிட்டால், மலிவு என்று தோன்றியது பல நேரங்களில் மலிவாக இருப்பதில்லை. மாட்டும் முன் எல்லா வெளிச் சீல்களையும் மாற்றி, புது ஆயில் ஊற்றுவது கட்டாயம்.

## வழி 3: ரீகண்டிஷன் செய்த மாற்றுப் பெட்டி

உங்கள் பழைய பெட்டியைக் கொடுத்து, ஏற்கெனவே ஓவர்ஹால் செய்து வைத்த ஒன்றை வாங்கும் முறை. இதையே தொழிலாகச் செய்யும் பட்டறைக்கு ஷிம் அளவும் அழுத்தக் கருவியும் கைவந்தவை. வண்டி நிற்கும் நாளும் குறைவு. ஓவர்ஹால் செய்யத் தெரிந்தவர் அருகில் இல்லாதவர்களுக்கு இதுவே சிறந்த வழி.

ஆனால் ரீகண்டிஷன் என்ற சொல்லுக்கு எல்லாக் கடையிலும் ஒரே பொருள் இல்லை. கழுவி, பெயிண்ட் அடித்து, இரண்டு சீல் மாற்றியதும் அந்தப் பெயரில் வரும். எந்த உறுப்புகள் மாற்றப்பட்டன என்று எழுத்தில் கேளுங்கள். எல்லாப் பேரிங்கும் புதிதா, எந்தெந்தச் சிங்க்ரோ ரிங்குகள் புதிது என்ற இரண்டு கேள்விக்கும் தயங்காமல் விடை வர வேண்டும். பழைய பெட்டிக்காகப் பிடித்துவைக்கும் வைப்புத்தொகை, அதன் கூடு விரிசல் விட்டிருந்தால் திரும்ப வருமா என்பதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

## வழி 4: புத்தம்புதிது

பழைய வண்டிக்கு இது அரிதாகவே பொருந்தும். கிடைப்பதே கடினம், கிடைத்தாலும் ரிலீஸ் ஃபோர்க், சென்சார், ஸ்விட்ச், மவுண்ட் ஆகியவை இல்லாமல் வரக்கூடும். தொழிலுக்காகத் தினமும் நெடுந்தூரம் ஓடும் வண்டி, ஒரு நாள் நின்றாலும் வருமானம் போகும் என்றால் மட்டுமே எண்ணிப் பார்க்கலாம்.

## வழி 5: இப்போதைக்கு அப்படியே ஓட்டுவது

இதையும் ஒரு வழியாக மதிக்க வேண்டும், ஆனால் எந்தப் பழுதோடு என்பதில் கண்டிப்பு வேண்டும். ஒரு கியரின் சிங்க்ரோ மட்டும் தேய்ந்திருந்தால், இரட்டைக் கிளட்ச் முறையில் (நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு மீண்டும் மிதித்து) வேகத்தைப் பொருத்தி மாற்றி நெடுநாள் ஓட்டலாம். பேரிங் உறுமினால் அப்படி ஓட்டக் கூடாது. பேரிங் தளர்ந்தால் ஷாஃப்ட் விலகும், கியர்கள் சரியாகக் கோக்காமல் பல் உடையும், உடைந்த துண்டு கியர்களுக்கு நடுவே சிக்கினால் கூடு வெடிக்கலாம் அல்லது ஓடும்போதே சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். சீர்செய்யக்கூடிய பெட்டி, கழிவாகும் பெட்டியாக மாறுவது இந்தத் தாமதத்தில்தான்.

ஆயில் மாற்றம் சில நேரம் வியக்கத்தக்க பலன் தரும், முக்கியமாகத் தவறான ஆயில் ஊற்றப்பட்ட வண்டிகளில். ஜிஎல்-5 தர ஆயில்கள் பலவற்றில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம்; அவை பித்தளையை அரிக்கக்கூடும். பித்தளைச் சிங்க்ரோ உள்ள பெட்டிக்கு ஜிஎல்-4 கேட்கப்பட்டிருந்தால் அதையே ஊற்ற வேண்டும். சில பெட்டிகள் கியர் ஆயிலே கேட்காமல் ஏடிஎஃப் (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) கேட்கும். ஓசையை அடக்கத் தடித்த ஆயில் ஊற்றுவது பழுதை மறைக்குமே தவிர நிறுத்தாது. குளிரில் சிங்க்ரோவுக்கு அது கூடுதல் வேலை.

## ஒரே பார்வையில்

| | ஓவர்ஹால் | பழைய பெட்டி | ரீகண்டிஷன் | புதிது |
|---|---|---|---|---|
| பெட்டியின் செலவு | பிரித்த பின்பே தெரியும் | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் |
| வண்டி நிற்கும் காலம் | பாகம் கிடைப்பதைப் பொறுத்தது | குறைவு | குறைவு | வரவழைக்கும் காலம் |
| மீண்டும் இறக்கும் ஆபத்து | செய்பவரின் கையைப் பொறுத்தது | அதிகம் | குறைவு, பட்டியல் இருந்தால் | மிகக் குறைவு |
| பொருத்தச் சிக்கல் | இல்லை | உண்டு | குறியீடு ஒத்தால் இல்லை | துணைப் பாகங்கள் குறையலாம் |
| ஏற்ற பழுது | பேரிங், சிங்க்ரோ, சீல் | கூடு, ஷாஃப்ட் சேதம் | இரண்டும் | இரண்டும் |

## எந்த வழியிலும் சேரும் செலவு

பெட்டி கீழே இருக்கும்போது கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுவது நல்லது; இல்லாவிட்டால் பிறகு இவற்றுக்காகவே மீண்டும் இறக்க நேரும். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்கவும் இதைவிட வசதியான நேரம் இல்லை. கசிந்தால் புதுக் கிளட்ச் ஆயிலில் நனைந்து வழுக்கும். டிரைவ் ஷாஃப்ட் சீல்களைத் தவறாமல் மாற்றுங்கள்: பல பெட்டிகள் தேய்ந்ததற்கு முதல் காரணமே அந்தச் சீல் வழியாக ஆண்டுக்கணக்கில் சொட்டிய ஆயில்தான். சிறிய காரின் பெட்டியில் மொத்தமே இரண்டு லிட்டரை ஒட்டித்தான் ஆயில் இருக்கும். ஐந்தாம் கியர் ஓரத்து மூடிக்குள் தனியாக அமைந்த பெட்டிகளில் ஆயில் குறையும்போது முதலில் வறள்வது அதுதான்.

## யாருக்கு எது

உடல் உறுதியான வண்டி, காந்தத்தில் பெரிய சில்லுகள் இல்லை, சிங்க்ரோ ரிங் கிடைக்கிறது, நம்பகமான கை இருக்கிறது என்றால் ஓவர்ஹாலே என் பரிந்துரை. பிரித்து வைத்த உறுப்புகளை நேரில் பார்த்த பிறகே பாகங்களை வாங்கச் சொல்லுங்கள்; மாற்றிய பழைய உறுப்புகளைத் திரும்பக் கேளுங்கள். அப்படிப்பட்ட கை கிடைக்கவில்லையென்றால் ரீகண்டிஷன் பெட்டி. ஓரிரு ஆண்டில் வண்டியைக் கழிக்கப் போகிறீர்கள் என்றாலோ, கூடு உடைந்து சிதறிவிட்டது என்றாலோ பழைய பெட்டி. உடலும் எஞ்சினும் சேர்ந்து தளர்ந்துவிட்ட வண்டியில் எந்த வழியும் நியாயமாகாது. பழுதை மறைக்காமல் சொல்லி விற்றுவிடுவதே சரி.

உற்பத்தி நின்றுபோன மாடலுக்குப் பழைய பெட்டியை வாங்கி மாட்டுகிறவர்கள், இறக்கிய சொந்தப் பெட்டியை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அதிலுள்ள நல்ல கியர்களும், ஸ்லீவும், ஷிஃப்ட் ஃபோர்க்கும் பிறகு கடையில் கிடைக்காதவையாக இருக்கலாம். துளைகளை அடைத்து, உள்ளே சிறிது ஆயில் ஊற்றிச் சுற்றிவிட்டு, ஈரமில்லாத இடத்தில் வைத்திருங்கள்.